செல்வனுக்கு 48, திலாப்பியாவுக்கு 44

“ஆத்து மீனா, குளத்து மீனா?” மட்டக்களப்புச் சந்தையில் விலை கேட்பதற்கு முன்னரே இந்தக் கேள்வி வந்துவிடும். ஆறு என்று பேச்சில் சொல்வது வாவியைத்தான். 56 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்துக்கொண்டு கிடக்கும் உவர்நீர் அது. குளம் என்றால் உன்னிச்சையோ நவகிரியோ உறுகாமமோ. “ஆத்து மீன்தான் மகள், விடியத்தான் வலையில பட்டது” என்று செல்வனைத் தூக்கிக் காட்டுவார்கள். பக்கத்துச் சாக்கில் திலாப்பியா குவிந்து கிடக்கும்.

இரண்டும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் சிக்லிட். சந்தேகம் இருந்தால் வெட்டுவதற்கு முன் மீனின் மூக்கைப் பாருங்கள். பெரும்பாலான மீன்களுக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு நாசித்துளைகள். செல்வனுக்கும் திலாப்பியாவுக்கும் பக்கத்துக்கு ஒன்றுதான். ஆனால் இந்த உறவு மிகப் பழையது. செல்வன் இந்த மண்ணின் மீன். கேரளத்தில் அதுதான் கரிமீன், 2010 முதல் அம்மாநிலத்தின் மீன். திலாப்பியா ஆப்பிரிக்க வரவு. மொசாம்பிக் திலாப்பியா 1952-இலும் நைல் திலாப்பியா 1975-இலும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டன.

இந்த உறவுக்காரர்களின் கலங்களுக்குள் பார்த்தால் ஒரு கணக்கு இடிக்கிறது. பரம்பரையலகுகளைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள், தமிழ்நாட்டு வாசகர்கள் குரோமோசோம் என்பவை, செல்வனில் 48. செல்வனோடு இலங்கை, தென்னிந்திய நீர்நிலைகளில் வாழும் மஞ்சள் நிறக் குட்டி உறவினன் ஒன்று உண்டு. மலையாளிகள் அதைப் பள்ளத்தி என்பார்கள். அதற்கு 46. திலாப்பியா இரண்டுக்கும் 44. இரண்டிரண்டாகக் குறைந்துகொண்டு போகிறதே, குறைந்தவை எங்கே போயின?

எண்ணும் முறையைப் பார்ப்போம். மண்டையோட்டுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, உறைந்த இரத்தக்கட்டி போல் கருஞ்சிவப்பாக ஒன்று இருக்கும். மீன் கழுவும்போது நகத்தால் சுரண்டி எறிகிறோமே, அதுதான். தலைச்சிறுநீரகம் என்று பெயர். கலங்கள் ஓயாமல் பிரியும் இடம் அது. மீனுக்குக் கொல்கிசீன் என்னும் மருந்தை ஏற்றினால் பிரிந்துகொண்டிருக்கும் கலங்கள் பாதியில் நின்றுவிடும். அந்தத் திசுவை எடுத்து உப்புச் செறிவு குறைந்த கரைசலில் ஊறவைத்தால் கலங்கள் நீர் குடித்து உப்பும். பிறகு மெதனோலும் அசற்றிக் அமிலமும் கலந்த திரவத்தில் பதப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் துளியாக விடவேண்டும். விழுந்த வேகத்தில் கலம் விரிந்து நிறமூர்த்தங்கள் சிதறிப் பரவும். சாயம் ஏற்றிப் படம்பிடித்து, வெட்டிச் சோடி சேர்த்து எண்ணுவார்கள். பெரிய கருவிகள் வேண்டாம். தமிழ்நாட்டின் பறங்கிப்பேட்டையில் நடராஜனும் சுப்பிரமணியமும் அவ்வூர் நீர்நிலை மீன்களின் நிறமூர்த்தங்களை எண்ணி, 1974-இல் இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் வெளியிட்டார்கள்.

எண்ணிக்கையைக் கண்டதும் ஒரு முடிவுக்குத் தாவத் தோன்றும். அதிலே ஓர் ஆபத்து இருக்கிறது. நம் சட்டியில் அடிக்கடி விழும் விரால் வகைகளைப் பாருங்கள். இந்திய ஆய்வுகளில் விராலுக்கு 40, புள்ளி போட்ட கொரவைக்கு 32, கச்சுவா என்னும் சிறு விராலுக்கு 78. மூன்றும் ஒரே சாதி. ஆனால் 78 உள்ள விரால் 32 உள்ளதைவிட இரண்டு மடங்கு சிக்கலான மீன் அல்ல. ஒரே நூலகத்துப் புத்தகங்களை ஓரிடத்தில் 16 அலுமாரிகளிலும் இன்னோரிடத்தில் 39 அலுமாரிகளிலும் அடுக்கியதுபோல்தான் இது. அலுமாரியை எண்ணி நூலகத்தை அளக்க முடியாது. எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

மனிதரிடமே இதற்கு நல்ல சான்று உண்டு. சிம்பன்சிக்கு 48 நிறமூர்த்தங்கள், நமக்கு 46. செல்வனுக்கும் பள்ளத்திக்கும் உள்ள அதே கணக்கு. மனிதனின் இரண்டாம் நிறமூர்த்தத்தில் இருக்கும் பரம்பரையலகுகள் சிம்பன்சியில் இரண்டு தனித்தனி நிறமூர்த்தங்களில், அதே வரிசையில் இருக்கின்றன. நிறமூர்த்தத்தின் நுனியில், சப்பாத்து நாடாவின் முனைக் குப்பிபோல, ஒரே டி.என்.ஏ. எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும். மனிதனின் இரண்டாம் நிறமூர்த்தத்தில் அந்த நுனி நடுவில் கிடப்பது 1991-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு நாடாக்கள் நுனியோடு நுனி ஒட்டிக்கொண்ட தழும்பு அது. எதுவும் தொலைந்துபோகவில்லை.

மீனில் இதைப் பார்க்க இரண்டு வழிகள். ஒன்று, குறிப்பிட்ட ஒரு டி.என்.ஏ. துண்டுக்கு ஒளிரும் சாயம் பூட்டி, தகட்டிலுள்ள நிறமூர்த்தங்களில் அது எங்கே போய் ஒட்டுகிறது என்று பார்ப்பது. இந்த முறையின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் ‘ஃபிஷ்’ என்றே வருகிறது. மீன் ஆய்வாளர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். மற்றது, முழு டி.என்.ஏ.வையும் எழுத்தெழுத்தாகப் படித்து, இரண்டு மீன்களின் வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. நைல் திலாப்பியா உட்பட ஐந்து ஆப்பிரிக்கச் சிக்லிட்களின் முழு வாசிப்பு 2014-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஒப்பிடக் கிடைத்த மீன்களில் ஒன்று ஜப்பானின் நெல்வயல்களில் வாழும் மெடாகா. அதற்கு 24 சோடி, செல்வனைப் போலவே 48.

திலாப்பியாவின் நிறமூர்த்தச் சோடிகளில் ஒன்று மற்றவற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு நீளம். நுணுக்குக்காட்டியில் பார்த்தவுடனேயே கண்ணில் படும். 48 எப்படி 44 ஆனது என்று கேட்டவர்களின் கை முதலில் நீண்டது இதை நோக்கித்தான். சிறியவை ஒட்டித்தானே பெரியது வந்திருக்கும்? இயல்பான ஊகம். பரம்பரையலகுகளின் இருப்பிடத்தைப் பார்த்தபோது அது பிழைத்தது. ஒட்டுப்போட்டவை 7, 23 என்று எண்ணிடப்பட்ட வேறு இரண்டு நிறமூர்த்தங்கள். ஒவ்வொன்றிலும் மெடாகாவின் இரண்டு முழு நிறமூர்த்தங்களின் சரக்கு இருக்கிறது. 24 சோடியில் நான்கு இரண்டாகி, 22 சோடி. கணக்குச் சரி. (22 சோடிக்கு 23 என்ற எண் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். முதலில் வரைந்தவர்கள் 16, 21 என்று வேறுவேறாகக் குறித்தவை பின்னர் ஒன்றே என்று தெரிந்தது. பழைய எண்களை யாரும் மாற்றவில்லை.)

அப்படியானால் அந்த இராட்சத நிறமூர்த்தம்? அதற்குள் மெடாகாவின் ஒரேயொரு நிறமூர்த்தத்துக்குரிய பரம்பரையலகுகளே இருக்கின்றன. திலாப்பியாக் கூட்டத்தில் அதன் நீளம் 13 கோடியே 40 இலட்சம் எழுத்துகள். கடைசி 4 கோடியே 70 இலட்சம் எழுத்துகள் எந்த மூதாதை நிறமூர்த்தத்தோடும் பொருந்தவில்லை. சில உயிரிகளில் வழமையான தொகுதிக்கு வெளியே, சில ஆட்களிடம் மட்டும், உபரி நிறமூர்த்தங்கள் காணப்படும். வீட்டுக்கு வந்து திரும்பிப் போகாத விருந்தாளி மாதிரி. அப்படியொன்று பழைய நிறமூர்த்தத்தோடு ஒட்டிக்கொண்டதால்தான் இது இவ்வளவு நீண்டது என்ற விளக்கத்துக்கு அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வலுவான சான்றுகளைக் காட்டினார்கள். ஆக, இங்கும் ஓர் ஒட்டு நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் 48-ஐ 44 ஆக்கிய ஒட்டு அதுவல்ல.

செல்வனுக்கும் மெடாகாவுக்கும் ஒரே 48 எப்படி வந்தது? இதற்கு விடை வந்த வழி விசித்திரமானது. இலங்கையின் கழிமுகங்களிலும் வாழும் பச்சைப் புள்ளிப் பேத்தை, வலையில் பட்டால் தூக்கி எறியப்படும் நஞ்சு மீன். முதுகெலும்புள்ள பிராணிகளில் மிகச் சிறிய டி.என்.ஏ. தொகுதிகளில் ஒன்று அதனுடையது. மனிதனுடையதில் ஒன்பதில் ஒரு பங்கு அளவு. படிக்கச் சுலபம் என்று அதைப் படித்தார்கள். 2004-இல் வந்த அந்த ஆய்வில், மனித நிறமூர்த்தம் ஒன்றின் பகுதிக்குப் பேத்தையில் இரண்டு பகுதிகள் பதில் சொல்லின. எலும்பு மீன்களின் மூதாதை ஒன்றிடம் 12 சோடி இருந்திருக்கிறது. முழுத் தொகுதியும் ஒருமுறை இரட்டித்து 24 ஆனது. நம் குளங்களில் விடப்படும் சாதாரணக் கெண்டை இன்னும் ஒருமுறை இரட்டித்தது. அதனால்தான் ரோகுவுக்கு 50, இதற்கு 100.

இதெல்லாம் ஆய்வுகூடத்துக்குள் முடிகிற கதையல்ல. மொசாம்பிக், நைல் திலாப்பியாக்களுக்கு ஒரே 44, அடுக்கும் ஏறத்தாழ ஒன்று. அதனால் கலப்பில் பிறக்கும் குஞ்சுகள் மலடாவதில்லை. இலங்கைக் குளங்களில் இந்த இரண்டும் கலந்திருப்பது 1980-களிலேயே ஆய்வுகளில் பதிவாகிவிட்டது. வலையில் வருவதை இன்னதுதான் என்று திட்டமாகச் சொல்ல வெளித்தோற்றம் போதாது.

ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் இடம் மட்டும் இந்த நெருங்கிய உறவினர்களில் அலைகிறது. நைல் திலாப்பியாவில் வம்சத்தைப் பொறுத்து அது 1-ஆம் அல்லது 23-ஆம் நிறமூர்த்தத்தில். மனிதரைப் போல ஆணிடம்தான் வேறுபட்ட சோடி. வேறோர் இனமான நீலத் திலாப்பியாவிலோ அது அந்த இராட்சத நிறமூர்த்தத்தில். கோழியைப் போலப் பெண்ணிடம் வேறுபட்ட சோடி. மலாக்காவில் ஹிக்லிங் என்பவர் மொசாம்பிக் திலாப்பியாப் பெண்ணை, இந்தக் கோழி முறையில் அமைந்த இன்னொரு இன ஆணோடு சேர்த்தபோது குஞ்சுகள் எல்லாம் ஆணாகவே பிறந்தன. அதை அவர் 1960-இல் வெளியிட்டார். பெண் திலாப்பியா வாயில் முட்டை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பதால் வளராது. ஆண் வேகமாக வளரும். அன்றைக்கு வியப்பாக இருந்த அந்தப் பலன், இன்று வரைபடத்தில் கைவைத்துக் காட்டக்கூடியது.

செல்வன் இந்தக் கலப்பில் சேராது. அதன் நெருங்கிய சொந்தங்கள் ஆப்பிரிக்காவில் இல்லை, மடகாஸ்கரில் இருக்கின்றன. இந்தியத் துணைக்கண்டமும் மடகாஸ்கரும் பிரிந்தது சுமார் 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். செல்வனின் முன்னோர் அந்த நிலத்தோடு வந்தார்களா, பிறகு கடல் தாண்டி வந்தார்களா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அது எப்படியோ, பள்ளத்தியோடு அதற்குள்ள உறவு விநோதமானது. பள்ளத்திக் குஞ்சுகள் செல்வனின் உடம்பில் ஒட்டிய ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்வதை வைமன், வார்ட் என்னும் ஆய்வாளர்கள் 1972-இல் பதிவுசெய்தார்கள். அதே பள்ளத்தி செல்வனின் முட்டைகளையும் தின்னும்.

பள்ளத்தியின் 46-ஐத் திலாப்பியாவின் 44-க்குப் போகும் பாதையில் ஒரு நடுப்படி என்று நினைத்தால், இராட்சத நிறமூர்த்தத்தைக் கண்டு ஏமாந்த அதே பிழைதான். திலாப்பியாவின் 7-இலும் 23-இலும் உள்ள சரக்கு செல்வனில் நான்கு சோடிகளாகப் பிரிந்து கிடக்கவேண்டும். பள்ளத்தியில் ஒட்டிய இரண்டு அந்த நான்குக்குள்ளா, வெளியேயா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. ஒளிரும் சாயத் துண்டு சில, ஒரு நல்ல நுணுக்குக்காட்டி, இரண்டு மீன்களிலிருந்தும் புதிதாக எடுத்த தலைச்சிறுநீரகம் இருந்தால் பார்த்துவிடலாம். மூன்றாவதைத்தான் சந்தையில் மீன் வெட்டுகிறவர் விரலால் தோண்டிக் கொக்குகளுக்கு எறிந்துகொண்டிருக்கிறார்.