"விளங்குச்சா?" என்று கேட்டால் போதுமா?

கடந்த மழைக்காலத்தில் நம் பகுதிக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது, நம் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுத்தார்கள். கரைக்கும் முறையையும் சொன்னார்கள். "விளங்குச்சா லாத்தா?" என்று கேட்டதற்கு எல்லா வீட்டிலும் "விளங்குச்சு" என்றே பதில் வந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு வீட்டுக்குப் போனோம். அந்தத் தாய் பாதிப் பொடியை ஒரே டம்ளர் தண்ணீரில் கரைத்து, மீதியை மடித்து வைத்திருந்தார். ஒரு லிட்டருக்கு உரிய பொடியை இப்படிக் கரைத்தால் உப்பு மிகுந்து குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். அல்ஹம்துலில்லாஹ், புகட்டுவதற்கு முன் பார்த்துவிட்டோம்.

தவறு அவருடையதல்ல, நம்முடையது. அப்படிக் கேட்டால் யாரும் "இல்லை" என்று சொல்லமாட்டார்கள். வெட்கம் ஒருபுறம், வீடு தேடி வந்தவரின் மனம் நோகக்கூடாது என்ற மரியாதை மறுபுறம்.

இதே வேலையை வங்கதேசத்தில் பிராக் நிறுவனம் 1980 முதல் 1990 வரை செய்தது. அதன் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கற்பித்தார்கள். தாயையே கரைத்துக் காட்டச் சொன்னார்கள். சில வாரம் கழித்து வேறோர் ஊழியர் சில வீடுகளுக்குப் போய்த் தாய்மார்களிடம் கேட்பார். அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்களோ அதற்கேற்பவே கற்பித்தவருக்கு ஊதியம். எத்தனை வீடு ஏறினார் என்பது மட்டும் கணக்கல்ல.

அங்கும் ஒரு பாடம் கிடைத்தது. முறை தெரிந்தும் பலர் கரைத்துக் கொடுக்கவில்லை. விசாரித்தால், கற்பித்த ஊழியர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. வீட்டு ஆண்களிடமும் யாரும் பேசவில்லை. இரண்டையும் சரிசெய்த பிறகே பயன்பாடு கூடியது.

ஆகவே இனி நம் தன்னார்வலர்கள் கவனிக்க வேண்டியவை:

1. "விளங்குச்சா?" என்று கேட்காதீர்கள். "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும். இதை உங்க மாமிகிட்ட எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். அப்போது பரீட்சை நமக்குத்தான், அவருக்கல்ல.

2. கையால் செய்யும் வேலையைக் கையால் செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் அவர் வீட்டுப் பாத்திரத்தில். ஒரு லிட்டர் எது என்பதை அந்தப் பாத்திரத்திலேயே அடையாளம் காட்டுங்கள்.

3. தவறினால் கடிந்துகொள்ளாமல், வேறு விதமாகச் சொல்லி மீண்டும் செய்யச் சொல்லுங்கள்.

4. ஒரு வாரம் கழித்து வேறொருவர் போய்ப் பார்க்கட்டும்.

நேரம் கூடுதலாகும், ஒரு நாளில் இருபது வீடு என்பது எட்டு வீடாகக் குறையலாம். குறையட்டும். அந்த எட்டு வீட்டிலும் குழந்தைக்குச் சரியான கரைசல் கிடைத்தால் அதுவே நமக்குப் போதும்.