மாடிக்கு இன்னொரு ரவுட்டர்

மலருக்குக் கவிதை எழுதத்தான் ஆசை. "கவிதை ஏற்கெனவே நிறைய வந்தாச்சுப்பா, உருப்படியா ஏதாவது எழுது" என்று மலர்க் குழுவில் சொல்லிவிட்டார்கள். ஆகவே எங்கள் வீட்டு நெட்டை நான் கெடுத்த கதையை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஃபைபர் ரவுட்டர் கீழே வாசல் அறையில் இருக்கிறது. தங்கச்சி படிப்பது மாடியில். நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கொஞ்சமாவது ஏறி வரும்; 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். அன்று அவளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் கல்லூரி வரிசை கொடுக்கக் கடைசி நாள். மாடியில் பக்கம் திறக்கவே இல்லை. நான்தான் இ.சி.இ. படிக்கிறேனே! பரணில் கிடந்த பழைய ரவுட்டரை இறக்கி, கீழிருந்து கேபிள் இழுத்துச் செருகினேன். ஐந்தே நிமிடம்... கீழேயும் நெட் போச்சு. வரும், போகும், மறுபடி வரும். "இருந்ததையும் கெடுத்தியே" என்றார் அம்மா. கேபிள்தான் கோளாறு என்று நினைத்து முனையை இரண்டு தடவை வெட்டி கிரிம்ப் பண்ணினேன். தங்கச்சி மொட்டை மாடிக்குப் போய், அப்பா போனில் அவசர அவசரமாக வரிசையைக் கொடுத்து முடித்தாள். அந்தச் சின்னத் திரையில் இரண்டு கல்லூரிகள் இடம் மாறிப்போனதை மறுநாள்தான் பார்த்தாள்.

கேபிளில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டு பெட்டிக்கும் முகவரி 192.168.1.1. 1996-ல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 ஆவணம் தனியார் வலைகளுக்கு ஒதுக்கிய எண்களில் 192.168-ல் தொடங்குபவையும் உண்டு. கம்பெனிகள் பலவும் அதையே போட்டு அனுப்புகின்றன. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? லேப்டாப்பும் அப்படித்தான் திணறியது. போதாததற்கு இரண்டிலும் டி.எச்.சி.பி. ஓடியது. அது ஹாஸ்டல் வார்டன் மாதிரி. வருகிற ஒவ்வொரு போனுக்கும் ஓர் எண் கொடுக்கும். இரண்டு வார்டன்கள் ஒருவரையொருவர் கேட்காமல் ரூம் ஒதுக்கினால், ஒரே ரூமுக்கு இரண்டு பேர் பெட்டியோடு வந்து நிற்பார்கள்!

சரிசெய்ய அரை மணி நேரம்தான் ஆனது. பழைய ரவுட்டரை வீட்டு வலையில் சேர்க்காமல் தனியாக வைத்து, ரீசெட் பண்ணி, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டுக் கேபிளால் இணைத்தேன். பிரவுசரில் 192.168.1.1 அடித்தால் அதன் பக்கம் வரும். பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். கீழ் ரவுட்டர் மற்றவற்றுக்குக் கொடுக்கும் எண்களில் இந்த 2 வரக்கூடாது. எங்கள் வீட்டில் அது 100-லிருந்து கொடுப்பதால் பிரச்சினை இல்லை. அடுத்து, டி.எச்.சி.பி.யை அணைத்தேன். இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண். வைஃபை பெயர், பாஸ்வேர்டு இரண்டும் கீழே உள்ளதே. அப்போதுதான் படியேறும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். சேனல் மட்டும் வேறு. 2.4-ல் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் இடம் பிடிக்கும். அதனால் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11. கீழே 1, மாடியில் 6 வைத்தேன்.

கேபிளை கீழ் ரவுட்டரின் லேன் துளையிலிருந்து மாடி ரவுட்டரின் லேன் துளைக்கே கொடுங்கள். வான் துளை காலியாக இருக்கட்டும். யாராவது "பாவம், காலியா இருக்கே" என்று செருகிவிடாமல் நான் அதில் டேப் ஒட்டிவிட்டேன். வானில் செருகினால் மாடி தனி வலையாகிவிடும். கீழே உள்ள பிரிண்டர் மாடிக்குத் தெரியாது. கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்குத் தாராளம். கிரிம்ப் பண்ணுவதை லேபில் செய்த மாதிரியே: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை.

இப்போது மாடியில் சிக்னல் முழுசாக நிற்கிறது. தங்கச்சிதான் ஹாஸ்டலில் இருக்கிறாள், இடம் மாறிப்போன அந்த இரண்டில் ஒன்றில். போன் பண்ணும்போதெல்லாம் "அண்ணா, ரவுட்டர் எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்கிறாள். அம்மா மாடியில் சீரியல் பார்க்கிறார்.