பதினான்கு வயதுக்கு ஓட்டு

நான் ஒரு பெரிய ஜங்ஷனில் பணியிலிருந்தபோது உயரதிகாரி ஆய்வுக்கு வரும் நாளென்றால், நடைமேடையில் படுத்துறங்கும் பையன்களை யார்டுக்குப் பின்புறம் விரட்டிவிடுவோம். விரட்டச் சொன்னவர்களில் அடியேனும் ஒருவன். ஒருமுறை ஒரு பொடியன் நின்று, "மூன்றாம் பிளாட்பாரக் குழாய் மூன்று நாளாக ஒழுகுகிறது சாப், அதை முதலில் பாருங்கள்" என்று ஹிந்தியில் சொன்னான். போய்ப் பார்த்தேன். ஒழுகத்தான் செய்தது. என் ஆட்கள் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

கொலம்பியா நாட்டு மெடலின் நகரத்தைப் பற்றிப் படித்தபோது அந்தப் பையன் நினைவுக்கு வந்தான்.

பள்ளத்தாக்கில் நகரம், சுற்றிலும் மலைச்சரிவுகளில் ஏழைகளின் குடியிருப்புகள். 1991-இல் அங்கே லட்சம் பேருக்குச் சுமார் 380 பேர் கொலையுண்டனர். கொன்றவர்களிலும் மாண்டவர்களிலும் மிகப் பலர் மீசை அரும்பும் வயதுப் பையன்கள். போதை மருந்துக் கும்பல்கள் அவர்களுக்குத் துப்பாக்கியும் பணமும் கொடுத்தன. வேறு வேலை கொடுக்க யாருமில்லை.

1995-இல் பள்ளத்தாக்கில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அந்தச் சரிவில் ரயில் ஏறாது என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஆகவே 2004-இல் மெட்ரோ நிலையத்திலிருந்தே ரோப்கார் விட்டார்கள். உல்லாசப் பயணத்துக்கு அல்ல, அன்றாடம் வேலைக்கும் படிப்புக்கும் போய்வர. கேபிள் நிற்காமல் ஓடும். நிலையத்துக்குள் வந்ததும் பெட்டி தன் பிடியை விட்டு மெல்ல நகரும், ஆள் ஏறியபின் மறுபடி பற்றிக்கொள்ளும். அருமையான ஏற்பாடு!

அந்த ஆண்டு மேயரான செர்கியோ ஃபஹார்தோ கணிதப் பேராசிரியர். ரோப்கார் போய்ச் சேரும் மலைப்பகுதிகளிலேயே பள்ளிக்கூடம், நூலகம், பூங்கா எல்லாம் கட்டினார். பணம்? மின்சாரமும் குடிநீரும் வழங்கும் நிறுவனம் நகராட்சிக்கே சொந்தம். அதன் லாபத்தில் ஒரு பங்கு நகரக் கஜானாவுக்கு வருகிறது. நம் ஊர் நகராட்சிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

கொலைகள் வெகுவாகக் குறைந்தன. எல்லாப் பெருமையும் ரோப்காருக்கே என்று நான் சொல்லமாட்டேன். 2003-இலேயே ஓர் ஆயுதக் குழு துப்பாக்கிகளை ஒப்படைத்திருந்தது. கடைக்காரர்களிடம் கும்பல்கள் மாமூல் வாங்குவது இன்னும் ஒழியவில்லை. 2007-இல் திறந்த பிரம்மாண்டமான நூலகம் ஒன்று கட்டுமானக் குறையால் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. ஒரு என்ஜினீயராக எனக்கு அது வருத்தந்தான்.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு. நகர பட்ஜெட்டில் சுமார் 5 சதவீதத்தை எதற்குச் செலவிடுவது என்று அந்தந்த வட்டாரத்து மக்களே கூடித் தீர்மானிக்கும் முறையும் 2004-இல்தான் தொடங்கியது. அதில் 14 வயதுப் பிள்ளைக்கும் ஓட்டு உண்டு. கும்பல் துப்பாக்கி கொடுத்த அதே வயதில், நகராட்சி ஓட்டுச்சீட்டைக் கொடுக்கிறது. தெருவில் எந்த விளக்கு எரியவில்லை, எந்தப் படிக்கட்டு இடிந்திருக்கிறது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத்தானே தெரியும்? பல வட்டாரங்களில் இந்தப் பணத்தில் ஒரு பகுதி ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகையாகப் போயிருக்கிறது.

அன்று அந்தப் பையனிடம் நான் பெயர்கூடக் கேட்கவில்லை. குழாயை மட்டும் சரிசெய்யச் சொல்லிவிட்டு, மற்றவர்களோடு சேர்த்து அவனையும் யார்டுக்குப் பின்னால் அனுப்பிவிட்டேன்.