உப்புச் சேர்க்காத அடை மாவு: வீட்டிலேயே செய்து வைப்போம்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில நாள்கள், நோயாளிக்கு மட்டுமன்றி அவரைப் பராமரிப்பவருக்கும் கடினமானவை. மருந்து வேளைகள், மறுபரிசோதனை, நலம் விசாரிக்க வரும் உறவினர் ஆகியவற்றுக்கிடையே அரிசியும் பருப்பும் ஊறவைத்து அரைக்க நேரம் வாய்ப்பதில்லை. மாலையில் கடையில் உடனடித் தோசை மாவுப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்துவிடுகிறோம். உயர் இரத்த அழுத்தத்திற்காகவோ இதயச் செயலிழப்பிற்காகவோ உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவருக்கு அது ஏற்றதா என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

வயதுவந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. அதிலுள்ள சோடியம் சுமார் 2,000 மில்லிகிராம். உடனடி மாவுகள் பலவற்றில் உப்புடன் சமையல் சோடாவும் கலந்திருக்கும். ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவில் ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் சோடியம் உண்டு. நாவுக்கு உப்பாகத் தெரியாததால் அது நம் கணக்கில் வருவதேயில்லை.

அடைக்குப் புளிப்பும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். ஆகவே, வீட்டில் செய்து வைப்பதற்கு மிக எளிய மாவு இதுவே.

தேவையானவை: இட்லி அரிசி 2 கப், கடலைப்பருப்பு, துவரம்பருப்பு தலா ½ கப், பாசிப்பருப்பு, உளுத்தம்பருப்பு தலா ¼ கப், மிளகு, சீரகம் தலா 1 தேக்கரண்டி, வற்றல் மிளகாய் 4, பெருங்காயத்தூள் ¼ தேக்கரண்டி.

செய்முறை: அரிசியையும் பருப்புகளையும் கழுவி, வடித்து, துணியில் பரப்பி ஈரமின்றி உலர்த்துக. ஈரம் எஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். பின்னர் மிதமான தீயில் தனித்தனியே கைபொறுக்கும் சூடு வரும்வரை வறுக்க. மிளகாய், மிளகு, சீரகத்தையும் அவ்வாறே வறுத்து, அனைத்தும் ஆறியபின் ரவைப் பதத்தில் அரைத்துப் பெருங்காயத்தூளைக் கலக்க. சூடு முற்றிலும் தணிந்ததும் காற்றுப்புகாத புட்டியில் இட்டு, அரைத்த நாளை அதன்மேல் எழுதி வைக்க. உலர்ந்த கரண்டியையே பயன்படுத்தினால் ஒரு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம்.

வேண்டும்போது 1 கப் மாவுக்கு ஏறத்தாழ 1¼ கப் நீர் ஊற்றிக் கரைத்து, அரை மணி நேரம் ஊறவிடுக. நறுக்கிய சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்து, கல்லில் சற்றுக் கனமாகத் தட்டி, நடுவில் துளையிட்டு, மூடி வேகவைத்துத் திருப்பிப் போடுக.

கவனத்திற்குச் சில: சிறுநீரக நோயாளிகளுக்குப் பருப்பின் அளவை உணவியல் வல்லுநரே முடிவு செய்ய வேண்டும். ‘சோடியம் குறைந்த உப்பு’ வகைகளில் பொட்டாசியம் இருப்பதால், மருத்துவரைக் கேளாமல் அவற்றைச் சேர்க்கலாகாது. நீரிழிவுடையோர் அரிசிக்கு மாற்றாகச் சிறுதானியம் இட்டாலும், அதுவும் மாவுச்சத்தே என்பதால் எண்ணிக்கையில் கட்டுப்பாடு தேவை. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு அடை ஏற்றதன்று.

மாவைக் கரைத்ததும் நோயாளிக்குரிய பங்கை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதில் மட்டும் மற்றவர்களுக்காக உப்பிடுங்கள். ஒரே மாவு, ஒரே கல், ஒரே வேளை. தனக்கென்று வேறு சமையல் நடக்கிறது என்ற மனக்குறையின்றி அவரும் குடும்பத்தோடு அமர்ந்து உண்பார்.