நேரு சிலையும் நூறு மீட்டர் தடையும்

புதுடில்லி: தலைவர்களுக்குச் சிலை வைப்பது எளிது, அவர்கள் வலியுறுத்திய கொள்கையைத் தாங்கிக்கொள்வதுதான் கடினம். ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தின் முன் நிற்கும் இரு சிலைகளின் வரலாறு இதையே உணர்த்துகிறது.

இப்பல்கலைக்கழகத்துக்கான சட்டத்தை நாடாளுமன்றம் 1966-இல் நிறைவேற்றியது. தேசிய ஒருமைப்பாடு, சமூக நீதி, மதச்சார்பின்மை, ஜனநாயக வாழ்க்கை முறை முதலிய நேருவின் கொள்கைகளைப் பற்றிய கல்வியை வளர்க்க வேண்டும் என்று அதன் முதல் அட்டவணை கூறுகிறது.

மாணவர்கள் அதை ஏட்டோடு விட்டுவிடவில்லை. விடுதி உணவுக்கூடங்களில் இரவுக் கூட்டம், தீப்பந்த ஊர்வலம், தலைவர் பதவி வேட்பாளர்களின் நேருக்கு நேர் விவாதம் ஆகியவை இங்கு மரபாயின. சங்கத் தேர்தலையும் மாணவர்களே நடத்தினர். 1977-இல் ஆட்சியை இழந்த பின்னரும் வேந்தர் பதவியில் நீடித்த இந்திரா காந்தியின் இல்லத்துக்கே சீதாராம் யெச்சூரி தலைமையில் சென்று, பதவி விலகக் கோரினர். அவரும் விலகினார்.

நேரு சிலையைப் பிரதமர் மன்மோகன் சிங் 2005 நவம்பர் 14 அன்று திறந்து வைத்தார். அரசின் கொள்கைகளை எதிர்த்து மாணவர்கள் கறுப்புக் கொடி காட்டினர். மாற்றுக் கருத்துடையோரின் பேச்சுரிமையைக் காக்க வேண்டும் என்ற, வால்டேர் பெயரில் வழங்கும் கூற்றை நினைவூட்டி அவர் உரையாற்றினார். மாணவர்கள் மீதான நடவடிக்கையைப் பிரதமர் அலுவலகமே தடுத்தது என்று பல்கலைக்கழக வட்டாரங்களில் கூறப்படுவதுண்டு.

எதிரே உள்ள விவேகானந்தர் சிலையைப் பிரதமர் நரேந்திர மோடி 2020 நவம்பர் 12 அன்று காணொலி வழியாகத் திறந்து வைத்தார். தேச நலன் சார்ந்த விஷயங்களில் சித்தாந்தம் நாட்டுக்கு எதிராக நிற்கக் கூடாது என்று அவர் வலியுறுத்தினார். அன்றும் மாணவர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது.

இரு விழாக்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிலைமை மாறியிருந்தது. நிர்வாகக் கட்டடத்திலிருந்து 100 மீட்டருக்குள் போராட்டம் கூடாது என்று டில்லி உயர் நீதிமன்றம் 2017-இல் உத்தரவிட்டது. தர்ணாவுக்கு 20,000 ரூபாய் வரை அபராதம் என்ற விதிகள் 2023 மார்ச்சில் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டன. ஆனால், அதே ஆண்டின் இறுதியில் அபராதம் மீண்டும் விதிகளில் இடம்பெற்றது.

அலுவலகப் பணி தடைபடக் கூடாது என்பது நிர்வாகத்தின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், இரு சிலைகளும் நிற்பது அந்த 100 மீட்டருக்குள்தான். அங்கே மாலை அணிவிக்கலாம். குரல் எழுப்பக் கூடாது. ஜனநாயக வாழ்க்கை முறையைக் கற்பிக்க நாடாளுமன்றம் உருவாக்கிய வளாகத்துக்கு இது பொருந்துமா என்பதே கேள்வி.