புத்தி சொல்லும் அறையல்ல: நமது பாடசாலைகளில் உளவளத்துணை

ஒரு திங்கட்கிழமை, முதலாம் பாடவேளை முடியும் நேரம். பகுதித் தலைவர் ஒரு பையனைத் தோளில் பிடித்து எனது அறை வாசலுக்குக் கொண்டு வந்தார். "டீச்சர், இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லி அனுப்புங்க. வகுப்பில முழுக்க நித்திரை. ஏசியும் பார்த்தாச்சு, அடிச்சும் பார்த்தாச்சு. திருந்துறான் இல்ல" என்றார். தரம் 8 பையன். தலை குனிந்தபடி நின்றான். அவனுக்கு என்னிடம் ஒன்றும் தேவைப்படவில்லை. இதுவும் ஒரு தண்டனை என்றே நினைத்து வந்திருந்தான்.

கிழக்குக் கரையோரத்தில் ஒரு முஸ்லிம் பாடசாலையில் பதினொரு வருடமாக வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியையாக இருக்கிறேன். என்னிடம் அனுப்பப்படும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இப்படித்தான் வருகிறார்கள். பெற்றோரும் இதையே கேட்கிறார்கள்: "நாலு வார்த்தை புத்தி சொல்லுங்க டீச்சர்." இந்த அறையில் உண்மையில் என்ன நடக்க வேண்டும், ஏன் பல நேரம் அது நடப்பதில்லை, வீட்டாருக்கு அதில் என்ன பங்கு என்பதை எனது அனுபவத்தை வைத்து விளக்க முயல்கிறேன். இங்கு வரும் பிள்ளைகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

பெயரிலேயே உள்ள வேறுபாடு

ஒரே வேலைக்கு நம்மிடம் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. ஒன்று ஆலோசனை. மற்றது உளவளத்துணை. ஆலோசனை என்றதும் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உளவளத்துணை அப்படியல்ல. உள்ளத்தின் வளம் அந்தப் பிள்ளையிடமே இருக்கிறது, அதை அது கண்டெடுக்கும் வரை நாம் துணை நிற்கிறோம் என்பது அதன் பொருள்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் 1957 இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒருவர் மாறுவதற்குத் துணை செய்பவரிடம் இருக்க வேண்டியவற்றைச் சொன்னார். எதிரில் இருப்பவரின் நிலையில் நின்று உணர்தல், நிபந்தனை போடாமல் அவரை ஏற்றுக்கொள்ளல், நடிப்பில்லாமல் இருத்தல் ஆகிய மூன்றும் அதில் முக்கியமானவை. புத்தி சொல்லல் இந்த மூன்றில் இல்லை. நான் பயிற்சிக்குப் போன காலத்தில் எனக்கு ஆகக் கஷ்டமாக இருந்ததும் இதுதான். ஆசிரியர் வாய் சும்மா இருக்காது. பிள்ளை இரண்டு வசனம் சொல்வதற்குள் நாம் பத்து வசனம் சொல்லி முடித்துவிடுவோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல பாடசாலைகளில் உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியரே ஒழுக்காற்றுக் குழுவிலும் இருக்கிறார். காலையில் வாசலில் நின்று முடி வெட்டாத பையனின் பெயரை எழுதியவரிடம், இடைவேளையில் அந்தப் பையன் தன் மனக்கவலையைச் சொல்லப் போவதில்லை. அடிப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உடல் ரீதியான தண்டனையைத் தடுத்து 2005 இலேயே கல்வி அமைச்சு 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டுவிட்டது. 2021 பெப்ரவரியில், ஆசிரியர் மாணவனை அறைந்த ஒரு வழக்கில், அது அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை மீறுவது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் "அடிச்சும் பார்த்தாச்சு" என்பது இன்றும் சாதாரணப் பேச்சாகவே இருக்கிறது.

ஏன் இந்த வயது?

தரம் 6 முதல் 9 வரையான கனிஷ்ட இடைநிலைப் பிரிவைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தரம் 5 இல் புலமைப்பரிசில் பரீட்சை, தரம் 11 இல் சாதாரண தரப் பரீட்சை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வருடங்கள் சும்மா கடந்து போகும் வருடங்கள் போல நமக்குத் தோன்றுகின்றன. பிள்ளைக்கு அப்படியல்ல.

தரம் 5 வரை ஒரு வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையை நாள் முழுக்கப் பார்க்கிறார். முகம் வாடினால் அவருக்குத் தெரிந்துவிடும். தரம் 6 இல் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். ஒவ்வொருவரும் நாற்பது நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளையை முழுமையாக அறிந்தவர் யாருமில்லாமல் போய்விடுகிறது. புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளியை எட்டாத பிள்ளை 'நான் மொக்கு' என்ற எண்ணத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. இதே நேரத்தில்தான் உடல் மாறுகிறது, குரல் உடைகிறது, பெண் பிள்ளைகள் வயதுக்கு வருகிறார்கள். உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதி முந்திக்கொள்ள, அதை நிதானப்படுத்தும் முன்மூளைப் பகுதி இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. 'நான் யார்' என்ற கேள்வியே கட்டிளம் பருவத்தின் மையப் போராட்டம் என்று எரிக் எரிக்சன் விளக்கினார். அந்தக் கேள்வியோடு இருக்கும் பிள்ளையைத்தான் நாம் "வாய் காட்டுறான்", "மூஞ்சி நீட்டுறாள்" என்று சொல்கிறோம்.

நான் செய்த பிழை

இந்தப் பொறுப்பை ஏற்ற முதல் வருடம். தரம் 7 பிள்ளை ஒருத்தி தானாகவே என்னைத் தேடி வந்தாள். டியூசன் வகுப்பில் ஒரு பையன் கடிதம் தந்ததாகவும், தானும் பதில் எழுதிவிட்டதாகவும், இப்போது அவன் அந்தக் கடிதத்தை எல்லோருக்கும் காட்டுவேன் என்று வெருட்டுவதாகவும் சொன்னாள். அழுதாள். "உம்மாவுக்குத் தெரிஞ்சா என்னப் படிக்க விட மாட்டாங்க டீச்சர்" என்றாள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன்.

அன்று இடைவேளையில், ஆசிரியர் ஓய்வறையில், அவளது வகுப்பாசிரியையிடம் மெதுவாகச் சொன்னேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பிள்ளையைக் கொஞ்சம் கவனிக்கட்டும் என்றுதான். பக்கத்து மேசையில் இருந்தவர் கேட்டிருக்கிறார். அவருக்கு அந்தக் குடும்பம் சொந்தம். அஸர் நேரத்துக்கு முன் செய்தி வாப்பாவின் கடைக்குப் போய்விட்டது.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அந்தத் தவணை முழுக்க வரவில்லை. பிறகு வெளியூரில் சாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். உம்மாவைப் பார்க்கப் போனேன். கதவுக்குள் நின்றபடியே, "எங்கட புள்ளைய நம்பித்தானே டீச்சர் உங்கள்ட்ட அனுப்பினோம்" என்றார். வீட்டாருக்குக் கோபம், நான் தங்களிடம் நேரே வந்து சொல்லவில்லையே என்று. பிள்ளைக்குக் கோபம், நான் சொன்ன வார்த்தையைக் காக்கவில்லையே என்று. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு தவணைகள் ஒரு பிள்ளையும் தானாக என் அறைக்கு வரவில்லை. பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும்.

அமானிதமும் அதன் எல்லையும்

இரகசியம் காத்தல் என்று பயிற்சிக் கையேடுகள் சொல்வதை நம் வீட்டுப் பேச்சில் அமானிதம் என்போம். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைப் போலத்தான் நம்பிச் சொன்ன வார்த்தையும். ஓய்வறையில் சொன்னாலும், கணவரிடம் சொன்னாலும், பெயர் சொல்லாமல் "ஒரு புள்ள இருக்கு" என்று தொடங்கினாலும் அது மோசடியே. சிறிய ஊரில் பெயர் சொல்லத் தேவையில்லை. இரண்டு அடையாளம் போதும்.

ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று நான் வாக்குக் கொடுத்ததும் பிழையே. எல்லாவற்றையும் மறைக்க எந்த உளவளத்துணையாளருக்கும் முடியாது. இப்போது முதல் சந்திப்பிலேயே இப்படிச் சொல்கிறேன்: "மகள், நீங்க சொல்றத நான் வெளிய கொண்டு போக மாட்டேன். மூணு விஷயம் மட்டும் விலக்கு. உங்களுக்கு நீங்களே தீங்கு செய்யப் போறது, உங்களுக்கு வேற யாரோ தீங்கு செய்றது, நீங்க இன்னொருத்தருக்குத் தீங்கு செய்யப் போறது. அப்படி ஒண்டு இருந்தா உதவக்கூடிய ஆக்களிட்டச் சொல்லுவேன். ஆனா யாருக்குச் சொல்லப் போறேன் எண்டு முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்." இதைக் கேட்டுவிட்டு எழுந்து போன பிள்ளைகளும் உண்டு. அவர்களில் சிலர் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள்.

அந்தத் தரம் 7 பிள்ளையை அந்தப் பையன் வெருட்டிக்கொண்டிருந்தான். அது இரண்டாவது விலக்குக்குள் வரும் விஷயம். நான் அவளிடம் சொல்லி, அவளையும் வைத்துக்கொண்டு உம்மாவை அழைத்துப் பேசியிருக்க வேண்டும். உம்மாவின் பயத்தை முதலில் கேட்டு, பிறகு பிள்ளை தானே வந்து உதவி கேட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று எடுத்துச் சொல்லியிருந்தால், அவள் இன்னும் எங்கள் பாடசாலையிலேயே படித்திருக்கலாம்.

நித்திரை கொண்ட பையன்

மீண்டும் அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். பையனிடம் நித்திரையைப் பற்றி நான் கேட்கவில்லை. "வீட்டில யார் யார் இருக்கீங்க மகன்?" என்றேன். உம்மம்மாவும் தங்கச்சியும். வாப்பா கடலுக்குப் போகிறவர். உம்மா சவூதியில், ஒரு வீட்டில் வேலை. "உம்மாவோட எப்ப கதைக்கிற?" என்று கேட்டேன். அங்குதான் விஷயம் வெளிவந்தது.

உம்மாவின் வேலை முடிய அங்கே இரவு பதினொரு மணியாகும். நமக்கும் சவூதிக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். அப்போது இங்கே இரவு ஒன்றரை. உம்மம்மாவும் தங்கச்சியும் தூங்கிவிடுவார்கள். இவன் மட்டும் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு விழித்திருப்பான். "நான் எடுக்காட்டி உம்மா அழுவா டீச்சர்" என்றான். பதின்மூன்று வயதுப் பையன் தன் தாயைத் தேற்றுவதற்காக இரவிரவாக விழித்திருந்திருக்கிறான். நாம் அவனுக்கு அடித்திருக்கிறோம்.

அவன் சம்மதத்தோடு உம்மம்மாவைப் போய்ப் பார்த்தேன். நேரே குறை சொல்லப் போனால் கதவு மூடிக்கொள்ளும். "பேரன் நல்ல புள்ள, தாயில உயிரா இருக்கான்" என்றுதான் தொடங்கினேன். உம்மம்மா சொன்னார், "ராவையில முழிச்சிக் கிடக்கான் எண்டு தண்ணி ஓதியும் குடுத்தன் மகள்." அதை நான் மறுக்கவில்லை. ஓதிப் பார்ப்பதும் கவலையிலிருந்து வந்ததே. அதோடு இதையும் செய்து பார்ப்போம் என்றேன். உம்மம்மா மூலம் தாயோடு பேசினோம். கிழமை நாட்களில் இரவில் தாய் குரல் பதிவு அனுப்புவது, பையன் சுபஹுக்கு எழும்பியதும் அதைக் கேட்டுவிட்டுத் தன் குரலில் பதில் அனுப்புவது, நேரே பேசுவது வெள்ளியும் சனியும் மட்டும் என்று முடிவானது. இரவில் போன் உம்மம்மாவிடம் இருக்கும்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் இரண்டு வாரமும் பையன் ஒளித்து விழித்திருந்தான். ஒரு மாதத்துக்குப் பிறகே வகுப்பில் நித்திரை குறைந்தது. கணிதத்தில் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறான். ஆனால் இடைவேளையில் இப்போது பந்து விளையாடுகிறான்.

பாடசாலைக்கு வெளியே உள்ள உதவிகள்

ஆசிரியையாகிய நான் வைத்தியர் அல்ல. சில விஷயங்களை நானே வைத்திருப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சில வழிகளைச் சொல்கிறேன்.

பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் போன்றோர் கடமையாற்றுகிறார்கள். குடும்பத்தோடு போய்ப் பேசலாம். துஷ்பிரயோகம், கொடுமை என்று சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். தன்னை மாய்த்துக்கொள்ளும் பேச்சு, தொடர்ந்து சாப்பாடும் நித்திரையும் இல்லாமை, யாரோடும் பேசாமல் ஒடுங்கிப் போதல் போன்றவை தென்பட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது. ஆதார வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகளும் இருக்கின்றன. "எங்கட புள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்வது, காய்ச்சலுக்குப் போவது போலத்தான் இதுவும் என்று.

தரம் 7 இல் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். 'படிப்பு ஏறாத' பிள்ளை என்று என்னிடம் வந்த ஒருத்திக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்பதே பிரச்சினையாக இருந்தது. கண்ணாடி போட்டதும் எனக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

அதிபர்களுக்கும் பெற்றோருக்கும்

அதிபர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். உளவளத்துணை ஆசிரியரை ஒழுக்காற்றுக் குழுவிலிருந்து விடுவியுங்கள். வராத ஆசிரியர்களின் வகுப்புகளுக்கெல்லாம் அவரை அனுப்பாமல், நேரசூசியில் அவருக்கென்று பாடவேளைகள் ஒதுக்குங்கள். பேசுவது வெளியே கேட்காத ஓர் அறை கொடுங்கள். களஞ்சிய அறையின் ஒரு மூலையானாலும் பரவாயில்லை, கதவு இருக்க வேண்டும்.

பெற்றோரிடம் இரண்டு. பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தால், பிள்ளை ஏதோ குற்றம் செய்துவிட்டது என்று வீட்டிலேயே விசாரணை நடத்திவிட்டு வராதீர்கள். வாப்பாமாரும் வாருங்கள், பதினொரு வருடத்தில் என் அறைக்கு வந்த வாப்பாமாரை விரல் விட்டு எண்ணிவிடலாம். அடுத்தது, பிள்ளை உங்களிடம் சொல்லாத ஒன்றை என்னிடம் சொல்லியிருந்தால் அதை உங்கள் தோல்வியாக எடுக்காதீர்கள். என்னிடம் சொல்லிப் பழகிய பிள்ளைகள் பலர் பிறகு உம்மாவிடமும் சொல்லப் பழகியிருக்கிறார்கள். நான் வேண்டுவதும் அதுவே.