புல்லுக்குள் இரட்டைக் கொம்புப் பூ

மழை சற்று ஓய்ந்த செப்டம்பர் காலை. வனத்துறை அனுமதியோடு வால்பாறைக்கு மேலுள்ள அக்காமலைப் புல்வெளியில் நடந்தேன். புல்லுக்குள் இளஞ்சிவப்புக் கதிர் ஒன்று நின்றது. “பாத்துக் கால் வைங்க கண்ணு, மிதிச்சுப் போடாதீங்க” என்றார் கூட வந்த காவலர்.

சடிரியம் நேபாலென்ஸ். டேவிட் டான் 1825இல் பெயரிட்ட ஆர்க்கிட். ஆர்க்கிட் என்றால் மரக்கிளையில் தொற்றி நிற்கும் என்றே நானும் நினைத்திருந்தேன். இது மண்ணில் வாழ்வது. அடியில் ஒரு கிழங்கு இவ்வாண்டுப் பூவுக்குச் செலவாகும். பக்கத்திலேயே அடுத்த ஆண்டுக்கான கிழங்கு திரளும். கோடையில் இலை காய்ந்தாலும் உயிர் அங்கே இருக்கும்.

குனிந்து பூவைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆர்க்கிட் பூக்கள் மொட்டிலேயே அரைவட்டம் முறுக்கிக்கொள்வதால் உதட்டிதழ் கீழே வந்து, பூச்சி அமரும் திண்ணையாகிவிடும். இது முறுக்குவதே இல்லை. உதட்டிதழ் மேலேயே நின்று முக்காடுபோல் வளைகிறது. அதிலிருந்து பின்பக்கம் இரண்டு தேன்குழல்கள், கன்றின் கொம்புகளைப்போல. மற்ற ஆர்க்கிட்களில் தேன்குழல் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான். என்னை அங்கேயே உட்கார வைத்தது அந்த இரட்டைதான்.

விதை வெறும் தூசி. உள்ளே சேமித்த உணவு கிடையாது. மண்ணிலுள்ள பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். தயவுசெய்து இதன் கிழங்கைத் தோண்டி வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.